மேடையில் மனோவசியம்: இறங்கிய பிறகு என்ன?



நாம் படித்த காலத்தில் பாடசாலைகளுக்கு மந்திரஜாலக்காரர்கள் வருவார்கள். கடைசி நிகழ்ச்சி பெரும்பாலும் மனோவசியம். ஒரு பிள்ளையை மேடைக்கு அழைத்து, "தூங்கு" என்று சொல்லி, எலுமிச்சம்பழத்தைத் தோடம்பழம் என்று தின்னவைப்பார்கள். மண்டபமே சிரிக்கும். அந்தப் பிள்ளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று எவரும் கேட்பதில்லை. வேறோர் ஊரில், 14 வயதில், அப்படி மேடையேறியவள் நான், அதனால் சொல்கிறேன்.

நான் தூங்கவில்லை. கண் மூடியிருந்தது, காது திறந்திருந்தது. முன்வரிசையில் ஒருவர் இருமியதுகூடக் கேட்டது. கை தானாகவே உயர்வதுபோல் இருந்தது. "மாட்டேன்" என்று சொல்லலாம் எனத் தெரியும், சொல்லத்தான் தோன்றவில்லை. பழம் புளித்தது, அது ஒரு பொருட்டாகப் படவில்லை. பிறகு அன்று முழுவதும் தலை கனத்தது. அதைவிடக் கனத்தது, "மனம் பலவீனமான பிள்ளை" என்று லயம்வரை வந்த பேச்சு.

அந்தப் பேச்சு தவறு. மனோவசியத்துக்கு உட்படுவது பலவீனமும் அல்ல, அறிவுக்குறைவும் அல்ல. கோவாவில் பிறந்த அபே ஃபாரியா, 200 ஆண்டுகளுக்கு முன்பே பாரிஸ் நகரில் இதைச் செய்துகாட்டி, சக்தி செய்பவரிடம் இல்லை, உட்படுபவரின் மனத்திலேயே இருக்கிறது என்றார். நம் நாட்டில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்த கலாநிதி ஆபிரகாம் கோவூர், மனநோயால் வருந்தியவர்களுக்கு இதையே சிகிச்சையாகப் பயன்படுத்தினார். மேடையில் வேடிக்கையாவதும் அறையில் மருந்தாவதும் ஒன்றே.

ஆனால் மேடையில் ஒரு குறை உண்டு. கூட்டத்தின் முன் மறுப்பது கடினம்; பெரியவர்கள் சொன்னதைத் தட்டக்கூடாது என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். பிரித்தானியா 1952இல் சட்டம் இயற்றி, 21 வயதுக்குக் குறைந்தவர்களை மேடையில் மனோவசியம் செய்வதைத் தடுத்தது. பின்னர் அந்த வயது 18 ஆனது. தலைவலி, மயக்கம் போன்றவை பெரும்பாலும் விரைவில் தீரும். சிலருக்குக் குழப்பமும் பயமும் மிஞ்சுவதுண்டு.

நம் தோட்டத்துக் கோவில்களை எண்ணிப் பாருங்கள். அருள் வந்து ஆடுபவரை விழாமல் தாங்க ஆள் நிற்கும். சாமி மலையேறியதும் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, உட்காரவைப்பார்கள். மறுநாள் கொழுந்து மலையில் அவரைக் கேலி செய்ய எவருக்கும் மனம் வராது. எழுத்தறியாத நம் பாட்டிமார் அறிந்திருந்த இந்தப் பக்குவம், படித்தவர்கள் கூடிய மண்டபங்களில் இருக்கவில்லை.

ஆசிரியைகளாகவும் தாய்மாராகவும் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். சிறு பிள்ளைகளை இதற்காக மேடையேற்றாதீர்கள். பெரியவர்கள் ஏறினாலும், சொன்ன கட்டளைகளையெல்லாம் நீக்கி முழுதாக விழிக்கச் செய்தபின்தான் இறக்கவேண்டும். பிறகு பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும், பட்டப்பெயர் வேண்டாம்.

இந்தப் பேச்சு மலரில் அச்சாகும் என்கிறார்கள். அன்று மேடையில் சிரிக்கப்பட்ட சகோதரி எவராவது இதைப் படித்தால், அம்மா, உங்கள் மனத்தில் எந்தக் குறையும் இல்லை.