எண்ணை மாற்றினால் திறக்கும் கதவு

இணையதளத்தில் பதிவிறக்கப் பொத்தானை அழுத்தினால் ஒரு பிடிஎஃப் கோப்பு வந்து சேர்கிறது. அதை இரண்டு விதமாகத் தரலாம். சர்வரின் பொது அடைவில் போட்டுவைத்து, முகவரி தெரிந்தவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது ஒன்று. உள்ளே வைத்துப் பூட்டி, எடுத்துக் கொடுக்க ஒரு நிரலை அமர்த்துவது மற்றொன்று. பாடநூலுக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் முதல் வழி போதும். ஒருவருக்கு மட்டுமே உரிய ஆவணத்துக்கு இரண்டாவது வழிதான் முறை. ஆனால் நிரல் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறையும் அது ‘கேட்பவர் யார், இது அவருடையதா’ என்று பார்த்தாக வேண்டும்.

இதைப் பார்க்கத் தவறினால் என்ன ஆகும்? கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில், தகவல் அறியும் உரிமை ஆவணங்களுக்கான அரசுத் தளத்தில் முகவரியின் கடைசியில் வரிசை எண் இருந்தது. 2018இல் 19 வயது இளைஞர் ஒருவர் அந்த எண்ணை மாற்றி மாற்றிச் சுமார் 7,000 ஆவணங்களை இறக்கிக்கொண்டார். அவற்றில் சுமார் 250இல் குடிமக்களின் அந்தரங்க விவரங்கள் இருந்தன. போலீசார் அவரைக் கைது செய்தார்கள். பிறகு வழக்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மறு ஆண்டு அமெரிக்காவில், வீட்டு உரிமைக் காப்பீட்டு நிறுவனமான ஃபர்ஸ்ட் அமெரிக்கனிலும் இதே கதை. அங்கே 80 கோடிக்கும் மேற்பட்ட ஆவணப் படங்கள், வங்கிக் கணக்கு எண்களோடு, கடவுச்சொல் இல்லாமலே பார்க்கும்படி கிடந்தன. இரண்டு இடத்திலும் யாரும் பூட்டை உடைக்கவில்லை. உடைக்கப் பூட்டே இல்லை.

ஒழுங்கான நிரல், ஆவணக் காப்பறை எழுத்தரைப் போல வேலை செய்யும். வந்தவர் உள்நுழைந்தவரா என்று பார்க்கும். கேட்ட எண்ணைப் பதிவேட்டில் தேடி, அவருக்கு உரியதுதானா என்று ஒப்பிடும். பிறகே கோப்பைத் தொடும். கொடுக்கும்போது பிரவுசருக்குச் சில தலைப்பு வரிகளையும் முன்னால் அனுப்பும். இது பிடிஎஃப், திரையில் விரிக்காமல் சேமித்துக்கொள், இந்தப் பெயரில் சேமி, உன் தற்காலிகச் சேமிப்பில் நகலை வைத்துக்கொள்ளாதே என்பவை அவை. நூலகக் கணினியில் சான்றிதழ் எடுப்பவருக்குக் கடைசி வரி சிறிய விஷயமல்ல.

இடையில் நிரல் வந்தால் சர்வர் திணறும் என்பார்கள். பெரிய கோப்பை முழுவதும் நினைவகத்தில் ஏற்றி அனுப்பினால் திணறத்தான் செய்யும். சரிபார்ப்பதை மட்டும் நிரல் செய்துவிட்டு, அனுப்பும் வேலையை என்ஜின்எக்ஸ் போன்ற சர்வர் மென்பொருளிடமே ஒப்படைக்கும் வசதி உண்டு. யூகிக்க முடியாத நீண்ட முகவரி கொடுத்தால் போதாதா என்றும் கேட்கலாம். யூகிப்பதை அது தடுக்கும். ஆனால் அந்த முகவரி ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால், கையில் கிடைத்தவர் எல்லாருக்கும் அது சாவிதான். நிரலே ஆபத்தாகாதா என்ற கேள்விதான் இவற்றில் கனமானது. கோப்பின் பெயரைப் பயனரிடமே வாங்கி அப்படியே திறக்கும் நிரலிடம், இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் சேர்த்து அடைவுகளில் மேலேறி, கடவுச்சொல் கோப்பு வரை கேட்டு வாங்கிவிடலாம். ஆகவே பயனர் எண்ணைத்தான் சொல்ல வேண்டும். அந்த எண்ணுக்குரிய கோப்பு எங்கே இருக்கிறது என்பது பதிவேட்டுக்கு மட்டுமே தெரிய வேண்டும்.

தளம் நடத்துபவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். உங்கள் கணக்கில் நுழைந்து, உங்கள் ஆவணம் ஒன்றின் முகவரியை நகலெடுத்து, உள்நுழையாத வேறொரு பிரவுசரில் திறந்து பாருங்கள். பிறகு இன்னொரு சோதனைக் கணக்கில் நுழைந்தும் திறந்து பாருங்கள். இரண்டு முறையும் மறுப்பு வர வேண்டும். ஒரு முறை ஆவணம் வந்துவிட்டாலும், காப்பறையில் எழுத்தர் நாற்காலி காலியாக இருக்கிறது என்று பொருள்.