ஒன்பதும் இருபத்திரண்டும்



இடப்பக்க வயிறு கனக்கிறது, நாலு வாய் சோறு தின்றதும் நிறைந்துவிடுகிறது என்று ஒருவர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாயுத் தொல்லை என்றே நினைத்திருப்பார். ரத்தத்தைச் சோதித்தால், பதினோராயிரத்தைத் தாண்டக் கூடாத வெள்ளை அணுக்கள் லட்சத்தைத் தாண்டி நிற்கின்றன. வயிற்றில் வீங்கியிருப்பது மண்ணீரல். சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் பலருக்கு இப்படித்தான் பிடிபடுகிறது.

இந்த நோயில், எலும்பு மஜ்ஜையில் ஏதோ ஒரு செல்லில் ஒன்பதாம் குரோமோசோமும் இருபத்திரண்டாம் குரோமோசோமும் முறிந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்கின்றன. 1973இல் இதைக் கண்டு சொன்னவர் ஜேனட் ரௌலி என்ற அமெரிக்கப் பெண் மருத்துவர். ஒட்டிய இடத்தில் 'பி.சி.ஆர்.-ஏபிள்' (BCR-ABL) என்றொரு மரபணு உருவாகிறது. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்ட பம்ப்செட் மாதிரி, செல்லைப் பெருகு பெருகு என்று அது ஓயாமல் விரட்டும். இது பிறவியில் வருவதல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. வரன் பார்க்கும் வீட்டில் மறைக்க வேண்டிய சங்கதியே இல்லை.

அந்த மரபணு செய்யும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரை 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இங்கே மாதச் செலவு லட்ச ரூபாயைத் தாண்டியது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் இதைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது. உள்நாட்டு நிறுவனங்களின் மாத்திரை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான விலையில் தொடர்ந்து கிடைப்பது அதனால்தான்.

சிக்கல் இனிமேல்தான். சில மாதத்தில் மண்ணீரல் சுருங்கிவிடும், ஆள் கரும்பு வெட்டப் போய்விடுவார். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மாத்திரை நின்றுபோகும். சாதாரண ரத்தப் பரிசோதனையும் அவர் பக்கமே பேசும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பி.சி.ஆர். (PCR) சோதனைதான் அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும். ஓராண்டில் அந்த அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மாத்திரையை விட்டால் உடம்புக்குத் தெரியும் முன்பே அது ஏறத் தொடங்கும்.

சோதனைக்காகத் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறிக் கோரிமேட்டில் இறங்கி ஜிப்மர் மருத்துவமனைக்கு நடப்பவர்கள், பழைய சீட்டுகளை எல்லாம் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள். முந்தைய எண் இல்லாமல் இன்றைய எண்ணுக்கு அர்த்தமில்லை. மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்; சாப்பிட்டபின், ஒரு சொம்புத் தண்ணீரோடு. பொங்கல், தீபாவளி விடுமுறை வருகிறதென்றால் அதற்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.