கட்டாக்காலியும் கருணையும்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



வழக்கமாக இம்மேடையில் சமயமும் இலக்கியமும் பேசப்படும். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் மாடும் நாயும் குதிரையுமாகும். இதைச் சமயத்துக்குப் புறம்பான விஷயமென்று நான் கருதவில்லை. நாம் வழிபடும் பெருமானுக்குப் பசுபதி என்று பெயர். பைரவருக்கு வாகனம் நாய். பசுவுக்கு ஒரு வாய் புல் கொடுப்பதையும் அறமாக வைத்தவர் திருமூலர்.

ஹட்டன் கடைவீதியிலும் பஸ் நிலையத்திலும் திரியும் நாய்களை நாம் அனைவரும் அறிவோம். நுவரெலியாவிலே, கிரகரி வாவிக் கரையில் சவாரிக்குப் பயன்படும் குதிரைகள் வேலை முடிந்ததும் தெருவில் விடப்படுவதும், மாநகர சபை அவற்றைப் பிடித்துக் கட்டுவதும் பலமுறை நடந்தவை. இவற்றைக் கட்டாக்காலிகள் என்கிறோம். அச்சொல்லிலேயே குற்றம் யாருடையது என்பது தெரிகிறது. கட்ட வேண்டியவன் கட்டவில்லை.

“வாயில்லாப் பிராணிகளைப் பிடித்து அடைப்பது பாவமல்லவா?” என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்கு எல்லாளன் கதையை நினைவூட்டுகிறேன். அநுராதபுரத்தில் இருந்து ஆண்ட அத்தமிழ் மன்னன், தன் மகனின் தேர்ச் சில்லில் கன்று மாண்டபோது, தாய்ப்பசு அசைத்த மணிக்கு நீதி வழங்கினான் என்று மகாவம்சமே கூறுகிறது. திருவாரூர் மனுநீதிச் சோழன் பேரிலும் இதே கதை வழங்குகிறது. தெருவில் மனிதனுக்கும் விலங்குக்கும் பொதுவான நியாயம் ஒன்று வேண்டும் என்பதே அதன் சாரம். கருணைக்கும் சட்டத்துக்கும் அங்கே பகையில்லை.

இந்நாட்டுச் சட்டங்கள் பழையவை. கால்நடை அத்துமீறல் பற்றியது 1876இலும், விசர்நாய் நோய் பற்றியது 1893இலும், நாய்ப் பதிவு பற்றியது 1901இலும், மிருகவதைத் தடுப்பு 1907இலும் வந்தன. இவற்றின் கருத்து எளியது. பிறர் பயிரை மேய்ந்த மாட்டுக்கு உடையவன் நட்டம் கொடுக்க வேண்டும். நகர எல்லைக்குள் நாய் வளர்ப்பவன் ஆண்டுதோறும் பதிவு செய்ய வேண்டும். தெருவில் திரியும் மாட்டைச் சபை பிடித்தால் தண்டம் கட்டி மீட்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லாமல் செல்ல முடியாது. நாய்களைப் பதியும் சட்டம் வந்த அதே காலத்திலேதான், தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோரின் கழுத்தில் தோட்டத்து இலக்கம் பொறித்த தகரத் துண்டு தொங்கவிடப்பட்டது. ஆகவே பதிவு, இலக்கம் என்றதும் நம்மவர் மனம் கூசுவது இயற்கை. மனிதனுக்கு அது இழிவு; ஐயமில்லை. ஆனால் நாயின் கழுத்துப்பட்டியோ அதற்கு ஒரு வீடுண்டு, பொறுப்பாளி உண்டு என்று ஊருக்குச் சொல்வது.

நகரத்து விதி நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. எல்லைக் கல்லுக்கு அப்பால் தேயிலை. அதன் நடுவே நம் லயங்கள். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை பணி செய்வதற்குத் தடையாக இருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வரும் நாயையும் சேரும் குப்பையையும் யாரிடம் முறையிடுவது என்றறியாமல் இருந்தோம். இன்று கதவு திறந்திருக்கிறது, தட்டவேண்டியவர்கள் நாம்.

லயத்து ஓரத்தில் குப்பை குவிந்தால் நாய் சேரும். நாய் சேர்ந்தால் அதைத் தேடிச் சிறுத்தை இறங்கும். சிறுத்தைக்கு அஞ்சியும், மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பன்றிக்காகவும் கம்பிச் சுருக்கு வைக்கிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணி பக்கத்தில் அரிய கருஞ்சிறுத்தையொன்று சுருக்கில் அகப்பட்டு மாண்டது. ஒரு குப்பைமேட்டிலிருந்து இவ்வளவு தூரம் தீங்கு செல்கிறது.

இவற்றினும் பெரியது விசர்நாய்க்கடி. 1973இல் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்குத் தடுப்பூசியும், அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இலவசச் சிகிச்சையும் பரவியதால் அத்தொகை மிகவும் குறைந்துவிட்டது. தெருநாய்களைக் கொல்லும் வழக்கமும் 2006இல் கைவிடப்பட்டது; தடுப்பூசியும் கருத்தடையும் வழியாயின. ஜீவகாருண்யமும் சுகாதாரமும் ஒரே பாதையில் நடக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் நோயின் குறிகள் தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலால் கடிவாயில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். ஓடும் நீரில், சவர்க்காரமிட்டு, பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். நாய்க்குட்டியின் நகம் கீறியதையும் சிறிதென்று எண்ணாதீர்கள்.

சபையாருக்கும் ஒரு வார்த்தை. நம் தோட்டத்துக் குடும்பத்துக்குப் பசுதான் வங்கி. அதன் பால் பிள்ளையின் கொப்பி வாங்குகிறது. அதன் எரு மரக்கறிப் பாத்திக்கு உரமாகிறது. அப்பசுவைப் பிடித்தால் உடையவனுக்கு விளங்கும் தமிழில் அறிவித்தல் வரவேண்டும். பட்டியிலே அதற்குத் தண்ணீரும் புல்லும் இருக்கவேண்டும். தண்டம் ஒழுங்கைக் காக்கட்டும். ஓர் ஏழையின் அடுப்பை அணைக்க வேண்டாம்.

இளைஞர்களே, உங்களிடம் மூன்று பணிகள் கேட்கிறேன். லயந்தோறும் நாய்களைக் கணக்கெடுத்து, தடுப்பூசி நாளை முன்கூட்டியே வீடு வீடாய்ச் சொல்லுங்கள். கருத்தடை முகாமை நம் பகுதிக்கும் தருமாறு பிரதேச சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் மனு எழுதுங்கள். வேண்டாத குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தியில் விட்டு வருவோரைத் தடுத்து, அன்போடு அறிவுறுத்துங்கள்.

சைவ சித்தாந்தத்தில் பாசம் என்றால் கயிறு, அறுக்கவேண்டியது. வீட்டு விலங்கிலோ, பாசமும் கயிறும் சேர்ந்தே இருக்கவேண்டும். கயிறில்லாப் பாசம் ஊருக்குத் தொல்லை. பாசமில்லாக் கயிறு விலங்குக்கு வதை. இரண்டையும் ஒருங்கே கைக்கொள்ள இச்சங்கம் முன்னிற்குமாறு வேண்டி அமைகிறேன்.