நிலமும் புரையிடமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கியம் பற்றி உரையாற்றுதற்கு இம்மேடையில் அறிஞர் பலர் உளர். நாமோ பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டுகளோடு காலம் கழிப்பவர். ஆதலின், நம் குடியிருப்பில் மாலை வேளைகளில் வாசற்படிதோறும் பேசப்படும் பொருள் ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டோம். அது வீடு வாங்குதல்.

நம்முள் பெரும்பாலோர் வாழ்வது அரசு தந்த குவார்ட்டர்ஸில். பணி ஓய்வு பெற்ற சில திங்களுக்குள் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். நாம் நட்ட கறிவேப்பிலையும் முருங்கையும் அடுத்து வருபவர்க்கு உரியன. நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ திரும்பிவிடலாம் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பிள்ளைகளோ இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலையும் தேடிக்கொண்டனர். ஆகவே, திருவனந்தபுரத்திலேயே ஓர் இல்லம் வேண்டும் என்ற முடிவுக்குக் குடும்பங்கள் பல வந்துவிட்டன.

முன்னாளில் இந்நகர்க்கு வந்த தமிழர் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டையைச் சுற்றிலும் சாலைக் கடைத்தெருவை ஒட்டியும் குடியேறினர். தொழில் செய்யும் இடத்திற்கு நடந்து செல்லும் தொலைவே அவர்கள் வேண்டியது. கவடியார், சாஸ்தமங்கலம், ஜவஹர் நகர் ஆகியவை செல்வர் வாழும் பகுதிகளாகவே நமக்குத் தெரிந்தவை. 1990-ஆம் ஆண்டில் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் தோன்றியபின் நகரம் வடக்கே நீண்டது. ஸ்ரீகாரியம், ஆக்குளம், கழக்கூட்டம் எங்கும் சுற்றுமதிலும் காவற்காரரும் நீச்சற்குளமும் உடைய புதிய குடியிருப்புகள் எழுந்துள்ளன. அங்கே பணிபுரியும் நம் மகனும் மகளும், "அப்பா, அங்கேயே ஒரு வில்லா பார்ப்போம்" என்கின்றனர்.

செல்வர் வாழுமிடத்தில் நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்பர். நாம் அவ்வாறு கூற மாட்டோம். பிள்ளைகளின் உழைப்பு அதற்கு இடந்தருமாயின் வாங்கட்டும்; மகிழ்வோம். ஆனால், விற்பவர் நீச்சற்குளத்தைக் காட்டும்போது நாம் பத்திரத்தைப் பார்க்க வேண்டும். சரக்குச் சீட்டில் ஒரு சொல் பிழைத்தால் சுமை வேறூர் சென்றுவிடும் என்பது நம் அலுவலகத்தார்க்குத் தெரியும். வீட்டுப் பத்திரத்தில் ஒரு சொல்லின் பொருள் பிழைத்தால் வாழ்நாட் சேமிப்பே திசைமாறிப் போகும்.

இங்கே நமக்கு ஒரு தனி இடர் உண்டு. ஆங்கிலப் பத்திரமாயின் வழக்கறிஞரைத் தேடுவோம். மலையாளமோ உடன்பிறந்த மொழி. படித்துக் காட்டக் கேட்டால் பாதி புரிகிறது. புரிந்துவிட்டது என்ற அந்த நினைவே நம்மை ஏமாற்றுவது.

எடுத்துக்காட்டாக, 'நிலம்' என்னும் சொல்லைப் பாருங்கள். தமிழர்க்கு நிலம் என்பது பூமிப் பரப்பு முழுவதற்கும் பொது. கேரள வருவாய்ப் பதிவுகளிலோ நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டுதற்கும் தென்னை வைத்தற்கும் உரிய மேட்டுப் பகுதிக்குப் 'புரையிடம்' என்று பெயர். பத்திரத்தில் 'நிலம்' என்றிருப்பதைக் கண்டு, "ஆம், நிலந்தானே வாங்குகிறோம்" என்று மகிழ்ந்து கையொப்பமிடும் தமிழர், வீடு கட்ட இயலாத வயலுக்குப் பணங்கொடுத்தவர் ஆவர்.

நம் நண்பர் ஒருவர்க்கு இதுவே நேர இருந்தது. பத்து சென்ட், சாலையோரம், விலையும் மலிவு. மண் கொட்டி மேடாக்கப்பட்டிருந்ததால் கண்ணுக்கு அது வயலாகத் தோன்றவில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முதல்நாள் மாலை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் வரி ரசீதை வாங்கிப் பார்த்து, "அப்பா, இது வயல் என்றல்லவா போட்டிருக்கிறது?" என்றாள். தரகர் அதன்பின் அவ்வீட்டுப் பக்கம் வரவில்லை.

இதன் சட்ட நிலையைச் சுருங்கக் கூறுவோம். 2008-ஆம் ஆண்டில் கேரள நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வோர் ஊரிலும் உள்ள வயல்களைக் குறித்து 'டேட்டா பேங்க்' என்னும் பட்டியல் உண்டாக்கினர். அதில் இடம் பெற்ற வயலை நிரப்பி மனையாக்குதல் குற்றம். வேறு இடமில்லாத வயலுடையவர் தாம் குடியிருக்க வீடு கட்டுவதாயின், ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகரப் பகுதியில் 5 சென்ட் என்ற அளவில், உரிய குழுவின் பரிந்துரையோடு சலுகை உண்டு. அச்சலுகையை நம்பி நாம் புதிதாக வயல் வாங்குதல் அறிவன்று. பட்டியலில் இல்லாமல், பழைய பதிவில் மட்டும் நிலம் என்றிருக்கும் இடங்களை மாற்றுதற்கு 2018-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. அம்மாற்றத்தை விற்பவரே வருவாய்த் துறையில் விண்ணப்பித்து முடித்து, ஆணையைக் கையிற் காட்டட்டும். பிறகு விலை பேசுவோம்.

இச்சட்டம் வெறுங்கெடுபிடி அன்று. வயல் என்பது மழைநீர் தங்குமிடம். 2023 அக்டோபரில் பெய்த பெருமழையில் தெற்றியாறு கரைபுரண்டு, டெக்னோபார்க்கின் ஒரு பகுதியும் கழக்கூட்டத்தைச் சூழ்ந்த பகுதிகளும் நீரில் நின்றதை நாம் கண்டோம். தண்ணீர் தான் பழகிய தாழ்விடத்தை மறப்பதில்லை. எனவே, கோடையில் இடம் பார்த்தவர் மழையிலும் ஒருமுறை சென்று பார்த்தல் வேண்டும்.

நிற்க. வேறு சில சொற்களையும் மனத்திற் கொள்ளுங்கள். 'ஆதாரம்' என்பது இங்கே கிரயப் பத்திரம். 'முன்னாதாரம்' அதற்கு முந்திய மூலப் பத்திரம். 'போக்குவரவு' என்றதும் நமக்குப் பேருந்தும் இரயிலும் நினைவுக்கு வரும். இங்கோ அது வருவாய்ப் பதிவேட்டிற் பெயர் மாற்றுதல், அதாவது நம் பட்டா மாறுதல். பத்திரம் பதிந்தும் போக்குவரவு செய்யாதவர் வேலையைப் பாதியில் விட்டவர். 'கரம்' கையன்று, வரி. வரி ரசீது ஒன்றே உரிமைக்குச் சான்று ஆகாது என்பதையும் மறவற்க. நம் வழக்கிற் 'பாத்தியதை' என்றால் உரிமை. இவர்கள் 'பாத்யத' என்பது கடன் முதலிய பொறுப்பு. வில்லங்கச் சான்றுக்கு அவர்கள் அச்சொல்லையே வழங்குகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கு அச்சான்றைப் பெற்றுப் பார்த்தல் நலம்.

அடுக்குமாடி வீடு வாங்குவோர்க்கு 2016-ஆம் ஆண்டின் ரேரா சட்டம் துணை நிற்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேலாகவோ கட்டுபவர் பதிவு செய்தாக வேண்டும். ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்குதல் கூடாது. வாங்குவோர் தரும் பணத்தில் 70 விழுக்காட்டைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அக்கட்டடத்திற்கே செலவிட வேண்டும். வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தோன்றினால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். பதிவெண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாராமல் ஒரு காசும் கொடுக்க வேண்டா.

கொச்சிக்கு அருகிலுள்ள மரடில் நிகழ்ந்ததை அனைவரும் அறிவீர்கள். காயற்கரையில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. உள்ளாட்சி அனுமதி தந்திருந்தது. வாங்கியவர்கள் பத்திரம் பதிந்து, வரியும் கட்டி வந்தனர். ஆயினும் கடலோர ஒழுங்குமுறை விதியை மீறியவை என்று 2019 மே திங்களில் உச்ச நீதிமன்றம் இடிக்க ஆணையிட்டது. 2020 ஜனவரி 11, 12 நாட்களில் அவை வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. உரிமையாளர்க்கு இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் பணித்தது. கொடுத்த விலையோ வாழ்ந்த வீடோ அதனால் திரும்பவில்லை. அங்கு வாழ்ந்தவர்கள் வசதியும் கல்வியும் உடையவர்கள். காயலின் அழகு காட்டி விற்கப்படும் வீட்டைக் காணும்போது, கரையிலிருந்து அதன் தொலைவையும் கேட்டறிதல் நம் கடமை.

இனிப் பணக்கணக்கு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 60 இலட்சம் ரூபாய் வீட்டிற்கு இவ்விரண்டு மட்டும் 6 இலட்சம் ஆகும். கட்டி முடியாத வீடாயின் ஜி.எஸ்.டி. வரியும் சேரும். நடுவண் அரசு ஊழியர்க்கு 2017-ஆம் ஆண்டு விதிப்படி வீட்டுக் கடன் முன்பணம் அடிப்படைச் சம்பளத்தின் 34 மடங்கு, மிகுதியாயின் 25 இலட்சம். அடிப்படைச் சம்பளம் 50,000 உடையவர்க்கு 17 இலட்சமே எட்டும். எஞ்சியதற்கு வங்கிக் கடன் என்பீர்கள். நாற்பத்தைந்து அகவையில் எடுத்த இருபதாண்டுக் கடன் ஓய்வூதியத்திலும் கைவைக்கும் என்பதை மறத்தல் ஆகாது. மாதந்தோறும் கட்ட வேண்டிய பராமரிப்புக் கட்டணமும் உண்டு. நீச்சற்குளத்தில் நாம் இறங்காவிடினும் அதன் செலவில் நமக்கும் பங்குண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நம் பிள்ளைகள் தமிழைவிட மலையாளத்தை நன்கு படிக்கின்றனர் என்று இம்மேடையிலேயே ஆண்டுதோறும் வருந்துகிறோம். தமிழ் கற்பித்தல் நம் கடமை; அதில் ஐயமில்லை. ஆயினும் பிள்ளைகள் கற்ற மலையாளம் குடும்பத்திற்கு ஒரு காவல் என்பதையும் உணர்வோமாக. திங்களில் ஒரு ஞாயிறு மாலை நம் சங்கக் கூடத்தில் கூடுவோம். வீடு வாங்க எண்ணுபவர் தம் பத்திர நகலைக் கொண்டு வரட்டும். பிள்ளைகள் அதை வரிவரியாகப் படித்துத் தமிழிற் பொருள் சொல்லட்டும். சட்டமறிந்த அன்பர் ஒருவர் உடனிருந்து திருத்தட்டும். தந்தைக்குப் பத்திரம் விளங்கும். பிள்ளைக்குத் தமிழும் வளரும்.

குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைக்கும் நாளில் நம் குடும்பங்கள் ஒவ்வொன்றின் கையிலும் வேறொரு சாவி இருத்தல் வேண்டும். அது நீரில் நில்லாத, வழக்கில் சிக்காத, கடனில் மூழ்காத வீட்டின் சாவியாக இருக்கட்டும்.