சேற்றை இறுக்கும் மின்சாரம்



நான் வசிக்கும் பாடியை அடுத்துக் கொரட்டூர் ஏரி இருக்கிறது. ஏரிப்பக்கத்து நிலத்தைப் பற்றி நான் பாடம் கற்றது ஒரு மதிற்சுவரினால். அச்சுவர் எழுந்தபோது செம்மையாக நின்றது. இரண்டாண்டுகள் கழித்து ஒரு பக்கம் தாழ்ந்து விரிசல் கண்டது. சுவரின் பாரத்தால் அடியிலிருந்த களிமண்ணின் நீர் மெல்ல மெல்லக் கசிந்து, மண் இறுகியதே காரணம்.

இந்த இறுகலுக்கு 1925ஆம் ஆண்டில் டெர்சாகி என்ற பொறியியல் அறிஞர் கணித வடிவம் தந்தார். வெப்பம் பரவுவதற்குரிய சமன்பாடே இதற்கும் பொருந்தியது. நீர் கடக்கவேண்டிய தூரம் இருமடங்கானால், காலம் நான்கு மடங்காகும் என்பது அதன் விளைவு.

அந்த நீரை மின்சாரத்தால் இழுக்க முடியுமா? முடியும் என்று 1809இல் மாஸ்கோவில் ரூஸ் என்பவர் கண்டார். களிமண் துகளின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. அதைச் சூழ்ந்த நீரிலுள்ள நேர் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கி ஓடும்போது நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. 1939இல் ஜெர்மனியின் சால்ஸ்கிட்டர் என்னுமிடத்தில், இருப்புப்பாதைக்காக வெட்டிய சரிவு நிலைகொள்ளாதபோது, லியோ காசகிராண்டே இம்முறையால் அதை நிலைநிறுத்தினார்.

1968இல் எஸ்ரிக் என்பவர் மின்னோட்டத்தால் நகரும் நீரையும் டெர்சாகியின் சமன்பாட்டில் சேர்த்தார். நேர்மின்வாயில் நீர் புகாதவாறு அடைத்து, எதிர்மின்வாயில் வடியவிட்டால், மண்ணுக்குள் உறிஞ்சும் அழுத்தம் பிறக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம். மீட்டருக்கு 1 வோல்ட் வீதம் மின்னழுத்தம் மாறும்போது, களிமண்ணில் நீர் நகரும் வேகம் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஐந்து பங்கு. அம்மண்ணின் இயல்பான நீர்புகு திறன் நொடிக்கு ஒரு மீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு என்று கொள்வோம். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வோல்ட்டுக்கு அரை மீட்டர். ஆகவே 10 வோல்ட் கொடுத்தால், நேர்மின்வாயருகே 5 மீட்டர் நீருயரத்துக்கு நிகரான உறிஞ்சல் உண்டாகும்.

இங்கே ஒரு வியப்பு. இச்சமன்பாட்டின்படி, வோல்ட்டைக் கூட்டினால் இறுகலின் அளவு கூடுகிறது. அது முடியும் காலமோ மாறுவதில்லை. காலத்தைக் குறைக்க விரும்பினால் மின்வாய்களை நெருக்கி நடவேண்டும்.

ஆனால் இக்கணக்கு, மண்ணின் இயல்பு மாறாது என்றும், மின்னழுத்தம் சீராகக் குறைகிறது என்றும் கொண்டு போட்டது. களத்தில் நேர்மின்வாயருகே மண் உலர்ந்து வெடிக்கிறது. இரும்புக் கம்பி அரிக்கப்படுகிறது. கொடுத்த வோல்ட்டில் ஒரு பகுதி அவ்விடத்திலேயே வீணாகிறது. ஆகவே கிடைக்கும் பயன் கணக்கிட்டதைவிடக் குறையக்கூடும்.

ஆகையால், மாணவர்களே, எந்தக் கணக்கையும் தொடங்குமுன் எவற்றை நிலையானவை என்று கொண்டீர்கள் என்பதை முதல் வரியில் எழுதுங்கள். என் சுவருக்கு நான் போட்ட கணக்கில் பாரம் இருந்தது, காலம் இல்லை.