காலை ரேடியோவும் விகடக்காரர்களும்

(தாம்பரம் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், காலை வேளையில் ரேடியோவுக்கு விருந்தாளிகளாய் வந்து சிரிக்க வைக்கிறவர்களைப் பற்றியதாகும். இதைக் கேட்டவுடனேயே சில தோழர்கள், "ஜாதி இருக்கிறது, கோவில் இருக்கிறது, ஜோசியன் இருக்கிறான், இவற்றையெல்லாம் விட்டுவிட்டுக் கேவலம் சிரிப்புக்காரன் பேச்சுக்கு ஒரு கூட்டமா?" என்று கேட்டார்கள். கேட்டது நியாயந்தான். ஆனால் ஜாதியும் ஜோசியமும் பெண்ணடிமையும் இன்றைக்கு நம் வீட்டுக்குள் எந்த வழியாய் நுழைகின்றன என்று பார்த்தால், முன்போல் புராணப் பிரசங்கியின் வாய்வழியாக மாத்திரம் நுழையவில்லை. பிரசங்கி ஒன்று சொன்னால் "ஏன்?" என்று கேட்க நம்மவர்களுக்கு இப்போது கொஞ்சம் தைரியம் வந்திருக்கிறது. சிரிப்புக்காரன் அதையே சொன்னால், கேட்பதற்கு முன்னமே சிரித்துவிடுகிறோம். சிரித்துவிட்ட பிறகு கேள்வி கேட்க நமக்கு யோக்கியதை ஏது?

நம்முடைய ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்திலிருந்து பீச்சுக்கு 1931-ம் வருஷத்தில் மின்சார ரயில் விட்டார்கள். அன்று முதல் இந்த ஊர்க்காரனுடைய காலை நேரம் ரயிலில் கழிகிறது. முன்பெல்லாம் ரயிலில் சீட்டாடினான், பத்திரிகை படித்தான், பஜனை பண்ணுகிறவனும் பண்ணினான். இப்போது காதில் இயர்போனை மாட்டிக்கொள்ளுகிறான். குரோம்பேட்டையில் ஏறுகிற குமாஸ்தாவானாலும், பெருங்களத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரானாலும், சேலையூரில் டீக்கடை வைத்திருக்கிறவரானாலும் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணி வரையில் எப்.எம். ரேடியோதான் அவர்களுக்குச் சுப்ரபாதம். அதில் ஒரு நாளைக்கு டெலிவிஷன் போட்டியில் ஜெயித்த விகடக்காரர் வருகிறார், மற்றொரு நாளைக்கு மேடையில் தனியாய் நின்று பேசுகிற 'ஸ்டாண்ட்-அப்'காரர் வருகிறார். நிகழ்ச்சி நடத்துகிறவர் கேட்கிறார், இவர் சொல்லுகிறார், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

எதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதுதான் நம்முடைய கேள்வி. பத்து விகடங்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். பெண்டாட்டி தொல்லை, மாமியார் தொல்லை, கறுத்தவன், குண்டன், வழுக்கையன், திக்கிப் பேசுகிறவன், இங்கிலீஷ் தெரியாதவன், குடிகாரன் இவ்வளவுதான். பெண்டாட்டி சுட்ட இட்லி கல்லாயிருக்கிறது என்று ஒரு விகடம். அந்த இட்லிக்கு மாவரைத்து, விடியுமுன் எழுந்து அவித்து, புருஷனுக்கும் பிள்ளைக்கும் டப்பாவில் கட்டிக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாளும் அதே ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போகிறாள். அவள் காதிலும் இயர்போன் இருக்கிறது. தன்னைப் பற்றிய பரிகாசத்துக்குத் தானும் சிரிக்கிறாள். கறுத்தவனைப் பரிகசிக்கிற விகடத்தைக் கேட்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கறுப்புத்தானே தோழர்களே! இந்த நாட்டில் வெள்ளைத் தோல் எத்தனை பேருக்கு இருக்கிறது? சட்னி அரைக்கத் தெரியாத புருஷனைப் பற்றி எத்தனை விகடம் கேட்டிருக்கிறீர்கள்?

இதனால் நாம் சிரிப்புக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நம்முடைய நாட்டில் தெருக்கூத்து இருக்கிறது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அதில் கட்டியக்காரன் என்று ஒருவன் வருவான். துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியும் மாட்டிக்கொண்டு வந்து நிற்பான். கட்டியக்காரன் மட்டும் நம்முடைய பேச்சில் பேசி, "ராஜா, நேற்று வாங்கின கடனுக்கு வட்டி கட்டினீரா?" என்கிற தினுசில் ஏதாவது கேட்டுவைப்பான். ராஜாவைச் சாக்காக வைத்து ஊர் மிராசுதாரையும் மணியக்காரரையும் இரண்டு இழுப்பு இழுத்துவிடுவான். சபையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதனுக்கு முகம் சுருங்கும், பின்னால் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் சிரிப்பான். இன்றைய ஸ்டாண்ட்-அப்காரருக்கு மூதாதை அவன்தான், அமெரிக்காவில் தேடவேண்டியதில்லை.

கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனை எல்லோரும் அறிவீர்கள். நந்தன் கதையைக் காலட்சேபம் பண்ணினவர்கள், நந்தன் நெருப்பில் இறங்கித்தான் சாமி பார்க்கப் போனான் என்று கண்ணீர் விட்டுப் பாடினார்கள். கிருஷ்ணன் அதே காலட்சேப தோரணையில் 'கிந்தனார்' என்று ஒன்று செய்தார். 1949-ல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் அது இருக்கிறது. கிந்தன் நெருப்பில் இறங்கவில்லை. ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய்ப் படித்து, அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கேட்டவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கிந்தனைப் பார்த்தா சிரித்தார்கள்? அவனைத் தடுத்தவனைப் பார்த்துச் சிரித்தார்கள். வித்தியாசம் இதுதான்.

நிற்க, இந்த ரேடியோ யாருடையது என்று பார்ப்போம். சென்னையில் 1924-ம் வருஷத்தில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலியவர்கள் ஒரு கிளப் வைத்து ஒலிபரப்பினார்கள். பணமில்லாமல் 1927-ல் அது நின்றது. 1930-ல் கார்ப்பரேஷன் அதை எடுத்து நடத்திற்று. 1938-ல் சர்க்கார் தன் ஸ்டேஷனைத் திறந்தது. எப்.எம். என்பது இந்தியாவிலேயே முதன்முதலில் சென்னையில்தான், 1977-ல் வந்தது. 2003 முதல் சூரியன், மிர்ச்சி என்று தனியார் ஸ்டேஷன்கள் வந்தன. இதற்கிடையில் சர்க்கார் ரேடியோவுக்கு 'ஆகாசவாணி' என்று ஒரு பெயர். ஆகாசத்திலிருந்து அசரீரி பேசுகிறது என்று புராணத்தில் வருமே, அதுதான். கம்பத்தில் கட்டின கம்பியிலிருந்து வருகிற சத்தத்துக்குத் தமிழர்கள் 'வானொலி' என்று ஒழுங்கான பெயர் வைத்திருக்கிறார்கள். அப்படியிருக்க 2023 மே மாதத்தில் இங்கிலீஷில்கூட இனி ஆகாசவாணி என்றே சொல்லவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். போகட்டும்.

1995 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு, கிரிக்கெட் ஒளிபரப்பு சம்பந்தமான ஒரு வழக்கில், ஆகாயத்தில் போகிற அலைகள் பொதுமக்கள் சொத்து என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதாவது உங்களுடைய சொத்து. அதைச் சர்க்கார் ஏலம் போட்டது, கம்பெனிகள் எடுத்தன. ஆனால் ஒரு நிபந்தனை: தனியார் எப்.எம். தானாகச் செய்தி சேகரித்துச் சொல்லக் கூடாது. சர்க்கார் ரேடியோவின் செய்தியை வேண்டுமானால் அப்படியே திருப்பிப் போடலாம். மேலும் மதத்தைத் தாக்கக் கூடாது, வகுப்பாரைத் தாக்கக் கூடாது என்கிற சர்க்கார் ரேடியோ விதிகளும் இவர்களுக்கு உண்டு. இது போதாதென்று விளம்பரம் கொடுக்கிறவன் மனம் நோகக் கூடாது. நகைக்கடையின் சேதாரக் கணக்கைப் பரிகசித்தால் நாளைக்கு விளம்பரம் வராது.

இந்த நிலைமையில் விகடக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, "மூன்று நிமிஷத்துக்குள் சிரிக்க வைப்பா" என்கிறார்கள். அவர் எதைப் பேசுவார்? சர்க்கார் கூடாது, மதம் கூடாது, ஜாதி கூடாது, கம்பெனி கூடாது. மிச்சமிருப்பது பெண்டாட்டிதான். பெண்டாட்டியைப் பரிகசித்ததற்காக எந்த ஸ்டேஷனாவது மூடப்பட்டதாக நாம் கேட்டதில்லை. ஆகவே இவர்கள் ஸ்திரீகளைப் பரிகசிப்பது சுபாவத்தினால் மாத்திரமல்ல, பயத்தினாலும்தான் என்று நாம் கருதுகிறோம். பயம் வீண் பயமுமல்ல. 2021 ஜனவரி முதல் தேதி இந்தூரில் முனவ்வர் பரூக்கி என்கிற விகடக்காரரைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். இந்து தெய்வங்களைப் பரிகசித்தார் என்பது புகார். அன்றைக்கு அவர் அந்தப் பரிகாசத்தைச் சொல்லவேயில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். ஐகோர்ட்டு ஜாமீன் மறுத்தது. பிப்ரவரி 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு கொடுத்த பிறகுதான் வெளியில் வந்தார். சொல்லாத விகடத்துக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஜெயில்! சர்வ வல்லமையுள்ள கடவுளுக்கு ஒரு விகடத்தைத் தாங்கச் சக்தியில்லை, போலீஸ் வரவேண்டியிருக்கிறது.

இது இங்கே மாத்திரமல்ல. அமெரிக்காவில் ஜார்ஜ் கார்லின் என்பவர், ரேடியோவில் சொல்லக் கூடாத ஏழு வார்த்தைகள் எவை என்று ஒரு விகடம் செய்தார். 1973 அக்டோபரில் நியூயார்க் ஸ்டேஷன் ஒன்று அதைப் பகலில் போட்டது. காரில் மகனோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் கேட்டுவிட்டுப் புகார் எழுதினார். அது அவர்களுடைய சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 1978-ல் ஐந்துக்கு நான்கு என்று, சர்க்காருக்குத் தடுக்க அதிகாரம் உண்டென்று முடிந்தது. நம்முடைய காலை ரேடியோவில் அந்த ஏழும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. 'ஏன் கூடாது?' என்று கேட்கிற விகடம் ஒன்றாவது வேண்டும் என்கிறோம்.

டெலிபோனில் ஆளை ஏமாற்றுகிற வேடிக்கை ஒன்றும் உண்டு. சென்னையில் பிக் எப்.எம்.மில் ஆர்.ஜே. பாலாஜி 'கிராஸ் டாக்' என்று அதைச் செய்து பேர் வாங்கினார். கெட்டிக்காரர், சந்தேகமில்லை. ஆனால் இந்த வேடிக்கையின் தத்துவம் என்ன? ஒருவனுக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். தெரியாதவன் கோபப்படுவதையும் கெஞ்சுவதையும் ஊர் கேட்கிறது. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா ரேடியோக்காரர்கள் இரண்டு பேர், இங்கிலாந்து ராணியும் இளவரசரும் பேசுகிற மாதிரி லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு விடியற்காலையில் டெலிபோன் செய்தார்கள். எடுத்தவர் மங்களூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப்போன ஒரு நர்ஸ். நம்பி, உள்ளே இணைத்துவிட்டார். உலகம் சிரித்தது. மூன்றாம் நாள் அந்த அம்மாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எடுத்தவர் ராணியாயிருந்து, பேசினவர் நர்ஸாயிருந்தால் யாராவது சிரித்திருப்பார்களா, அல்லது கேஸ் போட்டிருப்பார்களா?

எல்லோரும் இப்படித்தான் என்று சொல்வது அநியாயமாகும். சென்னை வானொலியில் பல வருஷம் காலையில் 'இன்று ஒரு தகவல்' சொன்னாரே தென்கச்சி கோ. சுவாமிநாதன், 2009 செப்டம்பரில் காலமானார். குரலை உயர்த்தமாட்டார். விவசாயி பேசுகிற பேச்சுத்தான். விஷயத்தைச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு குட்டிக் கதையில் சிரிக்க வைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் கதைகளில் சாமியார்களும் வந்தார்கள். அந்தச் சரக்கு எல்லாம் நமக்குச் சம்மதமில்லை. ஆனால் ஏழையை இளக்காரம் செய்து அவர் காசு சம்பாதிக்கவில்லை. அநேகமாய் ஏமாந்தவன் தானே என்கிற மாதிரிதான் முடிப்பார். அதேபோல் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருந்த அலெக்சாண்டர் பாபு, கிராமத்துக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை சங்கீதம் கற்றுக்கொள்ளப் போன சங்கதியையும் சினிமாப் பாட்டையும் சேர்த்து மணிக்கணக்கில் மேடையில் சிரிக்க வைக்கிறார். 2019-ல் அது அமேசானில் வந்தது. பெண்டாட்டி இட்லி இல்லாமலும் சிரிப்பு வருமென்பதற்கு இது போதாதா?

இன்னொன்று. காலை நிகழ்ச்சியில் விகடக்காரருக்கு முன்னாலேயோ பின்னாலேயோ ராசிபலன் சொல்லுகிறார்கள். மேஷ ராசிக்குத் தனலாபம் என்கிறார்கள். ஒரு ரயில் வண்டியில் நூறு மேஷ ராசிக்காரர் இருந்தால், அத்தனை பேருக்கும் லாபம் கொடுத்து நஷ்டப்படுகிறவன் யார்? 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் முழுகின. மாடியில் உட்கார்ந்து படகுக்குக் காத்திருந்த தோழர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். மறைமலைநகர் அச்சுக்கூடத்துக்கு ஆள் போகமுடியாமல் 'இந்து' பத்திரிகையே ஒரு நாள் வரவில்லை. பன்னிரண்டு ராசியில் எந்த ராசிக்காவது "வீட்டுக்குள் தண்ணீர் வரும், அரிசியை மேலே ஏற்றிவை" என்று யாராவது பலன் சொன்னார்களா? இதைவிட ஒரு விகடக்காரருக்கு என்ன சரக்கு வேண்டும்? ஆனால் ஜோசியர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் விளம்பரம் இருக்கிறது.

ஆகையால் நாம் செய்யக்கூடியது என்ன என்றால், ரேடியோவை மூடச் சொல்வதல்ல, விகடக்காரரை மிரட்டுவதுமல்ல. மிரட்டுகிற வேலையை மதக்காரர்கள் வேண்டுமட்டும் செய்கிறார்கள். காலையில் நிகழ்ச்சிக்காரர் டெலிபோன் நம்பர் சொல்லுகிறார் அல்லவா? சினிமாப் பாட்டுக் கேட்பதற்கே அதை உபயோகிக்கிறோம். "நேற்றைய விகடத்தில் கறுப்பு என்றீர்களே, நானும் கறுப்பு, இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது, விளக்குங்கள்" என்று மரியாதையாய்க் கேளுங்கள். தாய்மார்கள் கேட்டால் இன்னும் நல்லது. பத்து பேர் கேட்டால் பதினோராவது நாள் விகடம் மாறும். ஏனென்றால் கேட்கிறவன் போய்விட்டால் விளம்பரக்காரனும் போய்விடுவான்.

இன்னொரு வழியும் உண்டு. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகம் சமுதாய வானொலி ஆரம்பித்தது. 2006 முதல் பொதுத்தொண்டு ஸ்தாபனங்களும் லைசென்சு கேட்கலாம் என்று விதி வந்திருக்கிறது. சக்தி நூறு வாட்டுதான். ஆனால் பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரையில் கேட்கவைக்க அது போதும். 2021-ல் நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். இவ்வளவு பெரிய ஊருக்குக் காலையில் தானே பேசிக்கொள்ள ஒரு வாய் வேண்டாமா? ரிஜிஸ்தர் செய்த சங்கங்கள் சேர்ந்து மனுப்போடலாம். அந்த வேலையை ஏற்றுக்கொள்ளச் சம்மதமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள்.

நாம் நிறுத்திக்கொள்ளுகிறோம். அடுத்தபடியாக நம்மூர்ப் பெண்ணொருத்தியும் பையனொருவனும் கால் மணி நேரம் சிரிக்க வைப்பதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறார்கள். நம்மைப் பற்றியும் நம்முடைய நீண்ட பேச்சைப் பற்றியும் ஏதோ எழுதி வைத்திருப்பதாகக் கேள்வி. செங்கற்பட்டு ரயிலுக்குப் போகவேண்டிய தோழர்கள் அதைக் கேட்டுவிட்டே போகலாம், நேரமிருக்கிறது.