தாலி கட்டினோம், ரிஜிஸ்டர் செய்தோமா?

(ஞாயிறு சந்திப்பில் ஆற்றிய உரை)

வேலை இல்லாத ஒரே நாள் ஞாயிறு. துணி கிடக்கிறது, சந்தைக்குப் போக வேண்டும், பிள்ளைகளுக்கு டியூஷன். அதையெல்லாம் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், நன்றி.

இந்த வாரச் செய்திகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் முப்பது வருடம் லோரி ஓட்டியவன். பசியாறும் நேரத்தில் பத்திரிகை படிப்பதோடு சரி. நம் ஆட்கள் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து செய்தி பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தே தாரிக் முடிவதற்குள் அரசாங்கமே கவிழ்ந்து மறுபடி எழுந்துவிடும். அடுத்த வாரம் அதே மேசை, வேறு செய்தி. அப்படிப் பேசிவிட்டு நாம் எழுந்து போன ஒரு பழைய செய்தியைத்தான் இன்று எடுத்து வந்திருக்கிறேன். கத்தரித்து வைத்திருந்தேன், தாள் மஞ்சளாகிவிட்டது.

2024 அக்டோபர் 17. நாடாளுமன்றத்தில் பிரஜாவுரிமைச் சட்டத்திருத்தம் நிறைவேறியது. 206 பேர் ஆதரவு. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு வெற்றி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். உண்மையிலேயே வெற்றிதான். அதுவரை வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா மலேசியர் என்றால் உரிமை வரும், அம்மா மட்டும் மலேசியர் என்றால் வராது. ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் என்ற அமைப்பும் ஆறு தாய்மார்களும் வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் விடவில்லை. அந்தத் தாய்மார்களுக்கு நாம் கைதட்டத்தான் வேண்டும்.

ஆனால் அதே திருத்தத்தில் நம் வீட்டைத் தொடுகிற இன்னொரு வரியும் இருந்தது. ஒட்டுக்கடையில் யாரும் அதைப் பேசி நான் கேட்கவில்லை.

முன்பிருந்த சட்டம் என்ன சொன்னது? இந்த நாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அம்மா அப்பா இருவரில் ஒருவர் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால், அந்தப் பிள்ளை பிறக்கும்போதே பிரஜை. நிரந்தரவாசி என்றால் யார்? சிவப்பு ஐசி வைத்திருப்பவர். நம் பாட்டிமார்கள், தோட்டத்துப் பெரியவர்கள், சில வீடுகளில் அம்மாக்கள். அந்த ‘நிரந்தரவாசி’ என்ற சொல்லைத்தான் 2024 திருத்தம் எடுத்துவிட்டது. திருத்தம் அமலுக்கு வருவதற்கு முன் பிறந்தவர்களை இது தொடாது, பயப்பட வேண்டாம். அதன்பின் பிறக்கும் பிள்ளைகளுக்கு சிவப்பு ஐசி தாயின் வழியாக வந்த உரிமை இனி இல்லை.

"அதனால் என்ன, அப்பாவிடம் நீல ஐசி இருக்கிறதே" என்று கேட்பீர்கள். அங்கேதான் நம் தலையில் இடி விழுகிறது. அப்பா வழியாக உரிமை வர வேண்டுமானால் அம்மா அப்பா கல்யாணம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பதிவில்லை என்றால் சட்டம் அப்பாவைக் கணக்கிலேயே சேர்க்காது. அம்மாவை மட்டும் பார்க்கும். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருந்தாலும் அது போதாது. இதுவரை அம்மாவின் சிவப்பு ஐசியாவது பிள்ளையைக் காப்பாற்றியது.

எத்தனை வீட்டில் கோயிலில் தாலி கட்டியதோடு நின்றிருக்கிறோம்? நான் கைதூக்கச் சொல்ல மாட்டேன். உங்களுக்கே தெரியும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், நம் தாத்தா பாட்டி செய்தது தப்பில்லை. அவர்கள் காலத்தில் சம்பிரதாயப்படி நடந்த கல்யாணமே சட்டத்துக்குப் போதும். 1976இல் திருமண மணவிலக்குச் சட்டம் போட்டார்கள், 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்களைச் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டது. அந்தத் தேதிக்குப் பிறகு பதிவு கட்டாயம். இது தோட்டத்து லயத்துக்கு யார் வந்து சொன்னார்கள்? தண்டலுக்கும் தெரியாது, கிராணிக்குத் தெரிந்திருந்தாலும் பால் எடை பார்க்கவே அவருக்கு நேரம் சரியாக இருந்தது. தோட்டம் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்து ஓரங்களுக்கு வந்தபோது, சாமி படத்தோடு சேர்த்து அந்தப் பழக்கத்தையும் கட்டிக்கொண்டு வந்தோம்.

இனி சொல்லப்போவது என் வீட்டுக் கதை. என் தம்பி கோபித்துக்கொள்வான், பரவாயில்லை.

2008இல் அவனுக்குக் கல்யாணம். மூத்தவன் நான், முன்னின்று நடத்தினேன். பெண்ணிடம் இருந்தது பச்சை ஐசி, அதாவது தற்காலிகவாசி. மருத்துவச்சி கையில் பிறந்தவள், பதிவே இல்லாமல் வளர்ந்தவள். நல்ல பிள்ளை. கோயில் செயலாளர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ரிஜிஸ்டர் ஆயிடுச்சா?" நான் சொன்னேன்: "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்." பந்தலுக்குச் செலவு செய்தேன், வீடியோக்காரனுக்குக் கொடுத்தேன், மேளத்துக்குக் கடன் வாங்கினேன். கையெழுத்துப் போட ஒரு காலைப் பொழுது கிடைக்கவில்லை எனக்கு.

2009இல் பையன் பிறந்தான். அடுத்த வருடம்தான் தம்பி கல்யாணத்தைப் பதிந்தான். ஒரு வருடம் தள்ளிப்போனதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஷிப்ட், ஓவர்டைம், அலட்சியம். பையனின் பிறப்புப் பத்திரத்தில் ‘பூக்கான் வார்கானெகாரா’ என்று இருக்கிறது. பிரஜை அல்ல. பிள்ளை பிறந்த பிறகு பதிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம், ஆகவில்லை. 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்திலும் இப்படி ஒரு வழக்கு வந்தது. அப்பா மலேசியர், பிள்ளை பிலிப்பைன்ஸில் பிறந்தது, பெற்றோர் பிறகுதான் கல்யாணத்தைப் பதிந்தார்கள். நாலுக்கு மூன்று என்ற கணக்கில் பிள்ளை தோற்றது.

பன்னிரண்டு வயதில் வகுப்பே ஐசி எடுத்தது, இவன் மட்டும் எடுக்கவில்லை. கூட்டாளிகள் மோட்டார் லைசென்ஸ் எடுத்தார்கள், இவன் பின்னால் உட்கார்ந்து போகிறான். நமக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி, இவனுக்கு வெளிநாட்டுக்காரன் கட்டணம். ஒருநாள் என்னிடம் கேட்டான்: "பெரியப்பா, என் கல்யாணத்துக்கு மட்டும் ரிஜிஸ்டர் பண்ணுவீங்களா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நான் லோரியைக் கழுவப் போய்விட்டேன்.

மனு போட்டிருக்கிறோம். அரசியலமைப்பில் 15A என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறப்புக் காரணம் இருந்தால் பிள்ளையை அரசாங்கம் பிரஜையாகப் பதியலாம். முன்பு 21 வயதுக்குள் என்று இருந்ததை 2024 திருத்தம் 18 ஆகக் குறைத்தது. உங்கள் வீட்டில் இப்படிப் பிள்ளை இருந்தால் காலண்டரைப் பாருங்கள், நாளைத் தள்ளாதீர்கள். வேறு எந்த நாட்டுக்கும் பிரஜை அல்லாத பிள்ளைக்கு இடம் தரும் ஒரு பிரிவும் இருக்கிறது. ஆனால் அதை நிரூபிக்க நீதிமன்றம் வரை போக வேண்டிவரும். நம்மில் எத்தனை பேரால் முடியும்?

அந்தப் பிரிவையும் தூக்கத்தான் பார்த்தார்கள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான பிரிவையும் சேர்த்துத்தான். பொது அமைப்புகள் சத்தம் போட்டன. 2024 மார்ச்சில் அரசாங்கம் அந்த இரண்டையும் விட்டுவிட்டது. சத்தம் போட்டால் கேட்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். சிவப்பு ஐசி விஷயத்தில் சத்தம் போதவில்லை. 2013 தேர்தல் காலத்தில் நாடற்ற இந்தியர் மூன்று லட்சம் என்றும், இல்லை சில ஆயிரம்தான் என்றும் மேடைக்கு மேடை சண்டை போட்டவர்களை இந்த வரிக்காக அவ்வளவு சத்தமாக நான் கேட்கவில்லை.

எல்லாப் பழியையும் நாம் ஏற்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 1957 மெர்டேக்காவிலிருந்து 1962 செப்டம்பர் வரை இங்கே பிறந்தாலே பிரஜை. அதன்பின் சட்டத்தை மாற்றினார்கள். இதே மண்ணில் மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்துப் பிள்ளையைப் பார்த்து ஒரு கையெழுத்துக்காக அந்நியன் என்று சொல்வது எந்த நியாயம்? இதைக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம். ஆனால் நியாயம் வரும்வரை பிறக்கிற பிள்ளை காத்திருக்காதே.

ஆகவே ஒன்று சொல்கிறேன், மாமன் சொன்னதாக எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பேச்சு எடுத்த வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கும் முன் ரிஜிஸ்டர் தேதியைக் குறியுங்கள். பதிவு செய்யும் அதிகாரம் பெற்றவர்கள் சில கோயில்களிலேயே இருக்கிறார்கள், விசாரியுங்கள். தாலி கட்டிப் பல வருடம் ஆகியிருந்தாலும் வெட்கப்படாமல் போய்ப் பதியுங்கள். இனிமேல் பிறக்கும் பிள்ளைக்காவது அது உதவும். பிறப்பை 60 நாளுக்குள் பதிந்துவிடுங்கள், பெயர் நட்சத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று இழுக்காதீர்கள். பெயரில் ஓர் எழுத்து கூடினால் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது.

பத்திரங்களைப் பையில் போட்டு எடுத்து வந்திருப்பவர்கள் பின்னால் இருக்கும் மேசைக்கு வாருங்கள். இரண்டு தங்கச்சிகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பாரம் நிரப்ப உதவுவார்கள். என் தம்பி மகனும் அங்கே இருக்கிறான், போட்டோஸ்டேட் எடுத்துத் தருவான். காசு வேண்டாம்.